அமெரிக்க இ-சைக்கிளை ஜெர்மனிக்குக் கொண்டுபோகலாமா? 45-க்கும் 25-க்கும் நடுவில் நிற்கும் சட்டம்

அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு வேலை மாற்றலாகிப் போகிறவர்கள் வீட்டுச் சாமான்களோடு இ-சைக்கிளையும் கண்டெய்னரில் ஏற்றிவிடலாமா என்று கேட்பது இப்போது அதிகமாகிவிட்டது. கேட்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் அந்த வண்டிக்கு நம்பர் பிளேட் கிடையாது, லைசென்ஸ் கிடையாது, காப்பீடு கிடையாது, கடையில் பணத்தைக் கொடுத்து ஓட்டிக்கொண்டு வந்துவிடலாம். பெடல் இருக்கிறது, சங்கிலி இருக்கிறது, பார்த்தால் சைக்கிள்தான்.

ஆனால் அதே வண்டி பெர்லின் தெருவில் இறங்கும்போது சட்டத்தின் கண்ணில் பதிவு செய்யப்படாத, காப்பீடு இல்லாத மோட்டார் வண்டியாக ஆகிவிடலாம். பலர் இதை ஏதோ சின்ன அபராதத்தோடு முடிகிற விஷயம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. குறிப்பாக யார்மீதாவது மோதிவிட்டால் வருகிற விளைவு பல வருடச் சேமிப்பைத் தின்றுவிடக்கூடியது. அதனால் கொஞ்சம் பொறுமையாக, அடியிலிருந்து பார்ப்போம்.

இதில் மூன்று வாதங்களைத்தான் திரும்பத் திரும்பக் கேட்க முடிகிறது:

1. "வண்டி மணிக்கு 45 கி.மீ. போகும்தான், ஆனால் நான் 25-க்கு மேல் ஓட்டவே மாட்டேன்."
2. "செட்டிங்கில் போய் 25 என்று வைத்துவிட்டால் சரியாகிவிடும்."
3. "சுங்கத்தில் விட்டுவிட்டார்கள், அப்புறம் என்ன?"

மூன்றுமே தவறு. மூன்றும் தவறாவதற்குக் காரணம் ஒன்றுதான்: சட்டம் இங்கே ஓட்டுகிறவரைப் பார்க்கவில்லை, வண்டியைப் பார்க்கிறது.

சட்டம் எதை அளக்கிறது?

சாதாரண வேக வரம்பு நமக்குத் தெரியும். சாலையில் 50 என்று பலகை இருந்தால் யார் வந்தாலும், எந்த வண்டி வந்தாலும் 50. அது ஓட்டுகிறவர் நடத்தையைக் கட்டுப்படுத்துவது. ஜெர்மனியில் இ-சைக்கிளுக்கு இருக்கும் 25 கி.மீ. வரம்பு அந்த வகை இல்லை. அது மோட்டார் எந்த வேகத்தில் உதவியை நிறுத்த வேண்டும் என்கிற எண்.

அதாவது, ஜெர்மனியில் இ-சைக்கிளில் மலைச் சரிவில் 45-ல் இறங்கினால் இந்தச் சட்டத்துக்கு அதில் வேலையே இல்லை. சமதரையில் காலில் பலம் இருந்து 32-ல் மிதித்தாலும் பிரச்சினை இல்லை. அந்த வேகத்தில் மோட்டார் ஒரு துளியும் தள்ளக்கூடாது, அவ்வளவுதான். இதைப் புரிந்துகொண்டால் முதல் வாதம் ஏன் நிற்காது என்பது தெரிந்துவிடும். 45 வரை தள்ளக்கூடிய மோட்டார் உள்ள வண்டியை 15-ல் உருட்டிக்கொண்டு போனாலும் அது 45 வரை தள்ளக்கூடிய வண்டிதான். வகை மாறாது.

வேகத்தை மோட்டார் எப்படித் தெரிந்துகொள்கிறது? பெரும்பாலான வண்டிகளில் சக்கரக் கம்பியில் ஒரு சின்னக் காந்தம், சட்டகத்தில் ஒரு சென்சார். காந்தம் எத்தனை தடவை தாண்டுகிறது என்பதை எண்ணி, சக்கரத்தின் சுற்றளவால் பெருக்கி, கன்ட்ரோலர் வேகத்தைக் கணக்கிடுகிறது. பெடல் பக்கம் இன்னொரு சென்சார் இருக்கும். அது நீங்கள் மிதிக்கிறீர்களா என்று பார்க்கும், நல்ல வண்டிகளில் எவ்வளவு அழுத்தி மிதிக்கிறீர்கள் என்பதையும் பார்க்கும். இரண்டையும் வைத்து எவ்வளவு மின்சாரம் விடுவது என்று கன்ட்ரோலர் முடிவு செய்கிறது. ஆக, "25-ல் நிறுத்து" என்பது பெரும்பாலும் மென்பொருளில் இருக்கும் ஒரு கட்டளை. செட்டிங் வாதம் பிறப்பதே இங்கேதான், பிறகு அதற்கு வருகிறேன்.

இரண்டு பக்கத்து எண்கள்

அமெரிக்காவில் 2002-ல் ஒரு கூட்டாட்சிச் சட்டம் வந்தது. ஓட்டக்கூடிய பெடல்கள், 750 வாட்டுக்குக் குறைவான மோட்டார், சுமார் 77 கிலோ எடையுள்ள ஒருவர் ஏறி வெறும் மோட்டாரில் மட்டும் சமதரையில் போனால் மணிக்கு 20 மைலுக்குக் குறைவு. இவ்வளவும் இருந்தால் அது மோட்டார் வண்டி இல்லை, மற்ற சைக்கிள்களைப் போல ஒரு நுகர்பொருள். மைலைக் கிலோமீட்டராக மாற்றினால் 32. அப்புறம் கலிபோர்னியா 2015-ல் மூன்று வகுப்புகளைச் சட்டமாக்கியது, பிறகு பெரும்பாலான மாநிலங்கள் அதையே எடுத்துக்கொண்டன:

1. வகுப்பு 1: மிதித்தால்தான் மோட்டார் உதவும், 32 கி.மீ. வேகத்தில் நின்றுவிடும்.
2. வகுப்பு 2: மிதிக்காமலே த்ராட்டிலைத் திருகினால் போகும், அதுவும் 32 வரை.
3. வகுப்பு 3: மிதித்தால் உதவும், 28 மைல் வரை, அதாவது 45 கி.மீ.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2013-ஆம் ஆண்டின் 168-ஆம் ஒழுங்குவிதிதான் அடிப்படை. இரண்டு, மூன்று சக்கர மோட்டார் வண்டிகளுக்கான விதி அது. அதிலிருந்து விலக்குப் பெறுகிற, அதாவது சைக்கிளாகவே மதிக்கப்படுகிற வண்டிக்கு நிபந்தனைகள் இவை: மோட்டாரின் தொடர்ச்சியான வரையறுக்கப்பட்ட திறன் 250 வாட்டுக்கு மேல் இருக்கக்கூடாது, மிதிப்பதை நிறுத்தினால் மோட்டாரும் நிற்க வேண்டும், வேகம் ஏற ஏற உதவி படிப்படியாகக் குறைந்து 25-க்குள் முழுதாக நின்றுவிட வேண்டும். ஜெர்மனியின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் முதல் பிரிவிலேயே இதைச் சொல்லிவிடுகிறது. தள்ளிக்கொண்டு போகும்போது உதவியாக 6 கி.மீ. வரை மோட்டார் தானாக ஓடுவதையும் அனுமதிக்கிறது. இந்த வகை வண்டியைத்தான் அங்கே பெடலெக் என்கிறார்கள். 45 வரை உதவுகிறது எஸ்-பெடலெக். அது சைக்கிள் இல்லை, எல்1இ-பி என்கிற மொபெட் வகை.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அமெரிக்காவின் மிகச் சாதுவான வகுப்பு 1 வண்டிகூட 25-ல் நிற்பதில்லை, 32-ல்தான் நிற்கிறது. "என்னுடையது வகுப்பு 3 இல்லை, வெறும் வகுப்பு 1தான்" என்று நிம்மதியாக இருப்பவர்களும் உண்மையில் கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள். வகுப்பு 2 த்ராட்டிலாலேயே அடிபட்டுவிடும்.

இன்னொன்றும் உண்டு. கலிபோர்னியா மாதிரியான மாநிலங்களில் வகுப்பு எண், உச்ச உதவி வேகம், மோட்டார் வாட் மூன்றையும் அச்சிட்ட ஸ்டிக்கர் சட்டகத்தில் ஒட்டியிருக்க வேண்டும். அது அங்கே சட்டப்படி இருப்பதற்கான சான்று. ஜெர்மனியில் அதே ஸ்டிக்கர் உங்களுக்கு எதிரான சான்று, படிப்பதற்கு நிபுணர்கூடத் தேவையில்லை.

250 வாட் குழப்பம்

வேகத்தைப் பற்றியே எல்லோரும் பேசுவதால் வாட் கணக்கு பின்னால் போய்விடுகிறது. ஆனால் பல அமெரிக்க வண்டிகள் விழுவது இங்கேதான்.

250 என்பது தொடர்ச்சியான திறன். மோட்டார் சூடாகிக் கெட்டுப்போகாமல் நீண்ட நேரம் தரக்கூடிய அளவு என்று உற்பத்தியாளர் சோதனைப்படி அறிவிப்பது. உச்சத் திறன் வேறு. ஏற்றத்தில் சில நிமிடங்களுக்கு 600 வாட் வரை தருகிற மோட்டார்கள் ஐரோப்பாவில் 250 வாட் முத்திரையோடு சட்டப்படி விற்கப்படுகின்றன. பாஷ் நிறுவனத்தின் மலைச் சைக்கிள் மோட்டார்கள் இதற்கு உதாரணம். "அதுவும் 600 தருகிறதே, என்னுடைய 750-ஐ மட்டும் ஏன் தடுக்கிறார்கள்" என்று கேட்பார்கள். பதில்: அதன் உச்சம் 600, உங்களுடையது தொடர்ச்சியாகவே 750 என்று மோட்டாரிலேயே எழுதியிருக்கிறது. பின்சக்கரத்தில் ஹப் மோட்டார் வைத்த, தடித்த டயர் வண்டிகள் பெரும்பாலும் 500 அல்லது 750 முத்திரையோடு வருகின்றன. அவற்றில் வேகத்தை 25 என்ன, 20 என்று குறைத்தாலும் வாட் நிபந்தனையில் தோற்றுவிடும். மென்பொருளால் அந்த முத்திரையை மாற்ற முடியாது.

ஏன் 25?

இது வீண் பிடிவாதம் என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. 25-தான் சரியான எண்ணா, 32 வைத்தால் என்ன கெட்டுவிடும் என்பது உண்மையிலேயே வாதிடக்கூடிய விஷயம்; காரோடு கலந்து போகும் சாலையில் 25 கொஞ்சம் குறைவு என்றுதான் எனக்கும் படுகிறது. ஆனால் ஏதோ ஓர் இடத்தில் கோடு போட்டாக வேண்டும் என்பதற்குக் காரணம் கணக்கிலேயே இருக்கிறது.

மோதலில் வெளிப்படும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். ஆளும் வண்டியும் சேர்ந்து 105 கிலோ என்று வைத்துக்கொண்டால், 25-ல் இயக்க ஆற்றல் சுமார் 2,500 ஜூல். 45-ல் சுமார் 8,200. வேகம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, அடி மூன்று மடங்கைத் தாண்டிவிட்டது. நிற்கும் தூரமும் அப்படித்தான். ஒரு குழந்தை குறுக்கே வருவதைப் பார்த்து பிரேக் பிடிக்க ஒரு விநாடி, பிறகு ஓரளவு நல்ல பிரேக், காய்ந்த சாலை என்று கணக்கிட்டால் 25-ல் ஏறக்குறைய 13 மீட்டரில் நிற்கலாம். 45-ல் 32 மீட்டர் தேவைப்படும். ஜெர்மன் நகரங்களில் பல இடங்களில் சைக்கிள் பாதையும் நடைபாதையும் ஒட்டியே போகின்றன, நடுவில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும்தான். அங்கே இந்த 19 மீட்டர் வித்தியாசம் சாதாரணமானது இல்லை.

காற்றின் எதிர்ப்பைச் சமாளிக்கத் தேவையான திறன் வேகத்தின் மும்மடியாக ஏறுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 25-லிருந்து 45-க்குப் போக அது கிட்டத்தட்ட ஆறு மடங்கு. சாதாரண மனிதர் காலால் அந்த வேகத்தைத் தொடர்ந்து தர முடியாது, மோட்டார்தான் தருகிறது. மனிதர் ஓட்டி மோட்டார் உதவுவது, மோட்டார் ஓட்டி மனிதர் ஒப்புக்கு மிதிப்பது என்ற பிரிவை ஐரோப்பியச் சட்டம் வாட், வேகம், மிதித்தல் மூன்றையும் ஒன்றாகக் கட்டி வரைய முயல்கிறது.

கோட்டைத் தாண்டினால் என்னென்ன சேரும்?

தாண்டினால் "கொஞ்சம் வேகமான சைக்கிள்" என்று ஒரு நடுநிலை கிடையாது. மொபெட்டுக்குரிய எல்லாக் கடமைகளும் ஒரே அடியாக வந்து சேரும். ஜெர்மனியில் 45 கி.மீ. வண்டிக்கு:

1. வகை ஒப்புதல். உற்பத்தியாளர் ஐரோப்பிய ஒப்புதல் வாங்கி, ஒவ்வொரு வண்டிக்கும் இணக்கச் சான்றிதழ் தந்திருக்க வேண்டும். அமெரிக்கச் சந்தைக்குச் செய்த வண்டிக்கு இது இருக்காது.
2. காப்பீட்டு நம்பர் பிளேட். ஆண்டுதோறும் மார்ச் 1-ல் புதிதாக மாற்ற வேண்டும், நிறமும் வருடத்துக்கு வருடம் மாறும், பழையதை ஓட்டினால் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும்.
3. ஏஎம் வகை ஓட்டுநர் உரிமம். ஜெர்மன் கார் லைசென்ஸ் இருந்தால் அதிலேயே அடங்கும். வெளிநாட்டு லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் கவனிக்க: இந்திய, அமெரிக்க லைசென்ஸ்கள் அங்கே குடியேறிய பிறகு பொதுவாக ஆறு மாதம்தான் செல்லும்.
4. ஹெல்மெட், பின்பக்கம் பார்க்கும் கண்ணாடி, ஹாரன், ஒப்புதல் பெற்ற விளக்குகள்.
5. சைக்கிள் பாதையில் ஓட்டக்கூடாது. ட்யூபிங்கன் போன்ற சில ஊர்கள் குறிப்பிட்ட பாதைகளைத் திறந்துவிட்டிருக்கின்றன, அது விதிவிலக்கு. மற்ற இடங்களில் கார்களோடுதான்.
6. மது வரம்பு. சைக்கிளுக்கு ரத்தத்தில் ஆயிரத்துக்கு 1.6 என்பது குற்றத்துக்கான கோடு. மோட்டார் வண்டிக்கு 0.5-லேயே நடவடிக்கை தொடங்கிவிடும்.

இதெல்லாம் இல்லாமல் ஓட்டினால் உரிமம் இல்லாமல் ஓட்டியது ஒரு குற்றம், கட்டாயக் காப்பீடு இல்லாமல் ஓட்டியது தனியாக இன்னொரு குற்றம். இரண்டுக்கும் சட்டத்தில் ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம் என்று இருக்கிறது. முதல் தடவையிலேயே சிறை என்று பயமுறுத்தவில்லை. ஆனால் இது போக்குவரத்து அபராதச் சீட்டு இல்லை, குற்றவியல் வழக்கு. வேலை விசாவில், குடியுரிமைக்குக் காத்திருக்கும் ஒருவருக்கு அந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆனாலும் உண்மையில் பயப்பட வேண்டியது காப்பீட்டைத்தான். ஜெர்மனியில் பெரும்பாலான குடும்பங்கள் தனிநபர் பொறுப்புக் காப்பீடு ஒன்று வைத்திருப்பார்கள், வருடத்துக்குச் சில பத்து யூரோ. சைக்கிளில் போய் யாரையாவது இடித்துவிட்டால், அந்த ஆளின் மருத்துவச் செலவு, வேலைக்குப் போகமுடியாத இழப்பு எல்லாவற்றையும் அது கொடுக்கும். 25 கி.மீ. பெடலெக்குக்கும் பொதுவாகக் கொடுக்கும். காப்பீட்டுக் கட்டாயம் உள்ள மோட்டார் வண்டிக்குக் கொடுக்காது. உங்கள் வண்டியை விபத்துக்குப் பிறகு நிபுணர் சோதித்து "இது 25-ஐத் தாண்டியும் தள்ளுகிறது" என்று எழுதிவிட்டால், காப்பீட்டு நிறுவனம் விலகிக்கொள்ளும். பாதிக்கப்பட்டவர் ஒரு வயதானவர், இடுப்பெலும்பு முறிந்து ஆயுள் முழுக்கப் பராமரிப்பு தேவை என்றால் அந்தக் கணக்கு முழுதும் உங்கள் பெயரில் வரும். அன்று நீங்கள் 18-ல்தான் போய்க்கொண்டிருந்தீர்கள் என்பது இதை மாற்றாது.

"செட்டிங்கில் குறைத்துவிட்டால்?"

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், நியாயமான கேள்வியும்கூட. பல ஹப் மோட்டார் வண்டிகளில் டிஸ்ப்ளே மெனுவுக்குள் போய் வேக வரம்பை யாரும் மாற்றலாம். 45 என்றிருப்பதை 25 ஆக்கினால் மோட்டார் உண்மையிலேயே 25-ல் நின்றுவிடும். பிறகென்ன?

மூன்று தடைகள். ஒன்று, மேலே சொன்ன வாட். இரண்டு, யாரும் மாற்றக்கூடியது என்றால் யாரும் திருப்பி மாற்றவும் முடியும். ஐரோப்பாவில் பெடலெக்குகளுக்கான தர விதி இஎன் 15194. வேக வரம்பை ஓட்டுகிறவர் எளிதில் மாற்ற முடியாதபடி தடுப்பு இருக்க வேண்டும் என்று அது எதிர்பார்க்கிறது. பட்டனை அழுத்திப் பிடித்தால் வேகம் கூடுகிற வண்டி, இப்போது எந்த நிலையில் இருந்தாலும், அந்த எதிர்பார்ப்பை நிறைவேற்றவில்லை. பிரிட்டன் போக்குவரத்துத் துறையின் நிலைப்பாடும் இதே திசையில்தான்: "சாலைக்கு வெளியே" என்று ஒரு மோடு வைத்து, அதில் கூடுதல் திறன் தருகிற வண்டி, அந்த மோடு அணைந்திருந்தாலும் சைக்கிளாகாது.

மூன்றாவதுதான் கடினமானது. காகிதம். ஐரோப்பாவில் விற்கும் பெடலெக்கில் சிஇ முத்திரை இருக்கும், அதன் பின்னால் உற்பத்தியாளர் கையெழுத்திட்ட இணக்க அறிவிப்பு இருக்கும். இயந்திரப் பாதுகாப்பு, மின்காந்த இடையூறு, பேட்டரி எல்லாம் சோதித்தேன், பொறுப்பேற்கிறேன் என்று ஒரு நிறுவனம் சொல்வது அது. நீங்கள் மெனுவில் ஓர் எண்ணை மாற்றியதால் அந்தப் பொறுப்பை யாரும் ஏற்றுக்கொண்டுவிடவில்லை.

செட்டிங் வழி வேலை செய்யக்கூடிய ஒரே நிலைமை: அதே மாடலை அந்த நிறுவனம் ஐரோப்பாவிலும் 250 வாட் மோட்டாரோடு விற்கிறது, மோட்டாரும் சட்டகமும் ஒன்றேதான், அங்கீகரிக்கப்பட்ட டீலர் ஐரோப்பிய மென்பொருளை ஏற்றி, உங்கள் சட்டக எண்ணுக்கு உற்பத்தியாளர் எழுத்தில் உறுதி தருகிறார். பெரிய மோட்டார் நிறுவனங்களின் வண்டி என்றால் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் "எங்கள் பொருள் வேறு பகுதிச் சந்தைக்கானது, மாற்றித்தர மாட்டோம்" என்று பதில் வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். எழுத்தில் வராத எந்த உறுதியையும் நம்பி கண்டெய்னரில் ஏற்ற வேண்டாம்.

சுங்கம் ஒரு வாசல், சாலை வேறு வாசல்

குடிபெயர்கிறவர்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் ஒரு சலுகை தருகிறது. பன்னிரண்டு மாதமாவது ஒன்றியத்துக்கு வெளியே வாழ்ந்திருந்து, குறைந்தது ஆறு மாதம் பயன்படுத்திய பொருள்களைக் கொண்டுவந்தால் சுங்கத் தீர்வை இல்லை. சைக்கிளும் மோட்டார் சைக்கிளும்கூட இதில் அடங்கும். இந்தச் சலுகையில் இ-சைக்கிள் சிரமமில்லாமல் உள்ளே வந்துவிடலாம், வந்ததும் "அரசே அனுமதித்துவிட்டது" என்று தோன்றிவிடுகிறது. சுங்க அதிகாரி பார்த்தது வரி கட்ட வேண்டுமா என்பதை மட்டும்தான். சாலையில் ஓட்டலாமா என்பது அவர் வேலையே இல்லை.

இந்தச் சலுகைக்குள் ஒரு சிக்கலும் ஒளிந்திருக்கிறது. தீர்வையில்லாமல் வந்த பொருளைப் பன்னிரண்டு மாதத்துக்கு விற்கவோ, வாடகைக்கு விடவோ, இரவல் தரவோ கூடாது. தந்தால் முன்கூட்டியே சொல்லித் தீர்வை கட்ட வேண்டும். ஆக, கொண்டுவந்தபின் "ஓட்ட முடியாதா, சரி விற்றுவிடலாம்" என்றால் அதுவும் உடனே முடியாது. ஒரு வருடம் நிலவறையில் சும்மா நிற்கும், பேட்டரி தன்பாட்டுக்குத் தேய்ந்துகொண்டிருக்கும்.

சலுகை இல்லாமல், புதிதாக ஆன்லைனில் வாங்கி இறக்குமதி செய்தால் கணக்கு இன்னும் கசக்கும். தீர்வையோடு ஜெர்மனியின் 19% இறக்குமதி மதிப்புக்கூட்டு வரி. வண்டி சீனத் தயாரிப்பு என்றால், 2019 முதல் ஐரோப்பிய ஒன்றியம் சீன இ-சைக்கிள்கள்மீது விதித்துவரும் கூடுதல் தீர்வையும் வரலாம். அது நிறுவனத்தைப் பொறுத்து 18.8%-லிருந்து 79.3% வரை போட்டார்கள். பெட்டி எந்த நாட்டிலிருந்து கிளம்பியது என்பது இதற்குக் கணக்கில்லை, வண்டி எங்கே செய்யப்பட்டது என்பதுதான் கணக்கு.

பேட்டரி எப்படிப் போகும்?

விமானத்தில் கூடவே எடுத்துப் போகலாம் என்ற நினைப்பை விட்டுவிடுங்கள். பயணி கொண்டுபோகும் லித்தியம் பேட்டரிக்கு 100 வாட்-மணி வரை தடையில்லை, 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதியோடு, அதற்குமேல் கிடையாது. இ-சைக்கிள் பேட்டரியை மின்னழுத்தத்தையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கிப் பாருங்கள்: 36 × 14 என்றால் 504, 48 × 15 என்றால் 720. வரம்பைப் போலப் பல மடங்கு.

கப்பலில் போகலாம், ஆனால் ஒன்பதாம் வகுப்பு ஆபத்தான சரக்காக அறிவிக்க வேண்டும், ஐ.நா. 38.3 சோதனையில் தேறிய பேட்டரி என்பதற்கான ஆவணச் சுருக்கம் உற்பத்தியாளரிடமிருந்து வேண்டும். வீட்டுச் சாமான் ஏற்றும் பல நிறுவனங்கள் இந்தத் தலைவலியே வேண்டாம் என்று மறுத்துவிடுகின்றன. சொல்லாமல் பெட்டிக்குள் வைத்து அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். நடுக்கடலில் கண்டெய்னருக்குள் லித்தியம் பற்றிக்கொண்டால் அணைப்பது மிகமிகக் கடினம், கப்பலில் இருப்பவர்களும் மனிதர்கள்தான்.

வேறு நாடுகளில்

எல்லா இடமும் ஜெர்மனி மாதிரி இல்லை, ஆனால் 25 என்கிற எண் பரவலானது.

பிரிட்டன்: 250 வாட், 15.5 மைல், அதாவது 25 கி.மீ., வயது 14. தாண்டினால் மோட்டார் வண்டி. காப்பீடில்லாமல் ஓட்டியதற்காகப் போலீஸ் அங்கேயே பறிமுதல் செய்யலாம், 300 பவுண்டு அபராதமும் லைசென்ஸில் ஆறு புள்ளியும் சேரும்.

பிரான்ஸ்: வரம்பை மாற்றியமைத்த வண்டியை ஓட்டினால் ஓராண்டுச் சிறை, 30,000 யூரோ அபராதம் வரை சட்டத்தில் இடம் உண்டு.

நெதர்லாந்து: போலீசார் சாலையோரத்திலேயே ரோலர் மேடையில் வண்டியை ஏற்றி, மோட்டார் எந்த வேகத்தில் நிற்கிறது என்று பார்த்துவிடுகிறார்கள்.

சுவிட்சர்லாந்து: கொஞ்சம் தாராளம். 45 கி.மீ. வகைக்குத் தனி இடம் உண்டு, மஞ்சள் பிளேட், ஹெல்மெட், உரிமத்தோடு சைக்கிள் பாதையிலேயே போகலாம். ஆனாலும் ஒப்புதல் பெற்ற வண்டியாக இருக்க வேண்டும்.

ஜப்பான்: அங்கே விகிதம்தான் விதி. 10 கி.மீ. வரை நீங்கள் தரும் பலத்தைப் போல இரண்டு மடங்கு வரை மோட்டார் தரலாம், பிறகு அது சீராகக் குறைந்து 24-ல் பூஜ்யமாக வேண்டும். ஆகவே 25-ல் நிற்கும் ஐரோப்பிய வண்டிகூட அங்கே அப்படியே செல்லாது.

சிங்கப்பூர்: தமிழர்கள் நிறையப் பேர் போகிற இடம் என்பதால் சொல்கிறேன், இருப்பதிலேயே கறார். 250 வாட், 25 கி.மீ., மொத்த எடை 20 கிலோவுக்குள், இஎன் 15194, த்ராட்டில் கூடாது. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஆரஞ்சு முத்திரை, நம்பர் பிளேட், ஓட்டுகிறவருக்குக் குறைந்தது 16 வயது, எழுத்துத் தேர்வு எல்லாம் வேண்டும். எடை ஒன்றிலேயே பெரும்பாலான அமெரிக்க வண்டிகள் தோற்றுவிடும். தடித்த டயர் வண்டிகள் 30 கிலோவைத் தாண்டுவது சாதாரணம்.

இந்தியா: மோட்டார் வாகன விதிகளில் 250 வாட், 25 கி.மீ., பேட்டரி நீங்கலாக 60 கிலோ என்ற வரம்புக்குள் இருந்தால் அது மோட்டார் வாகனம் இல்லை. ஆக, அமெரிக்காவிலிருந்து ஊருக்குத் திரும்புகிறவர்களுக்கும் இதே கேள்வி வரும்.

சரி, என்ன செய்வது?

இன்னும் கிளம்பாதவர்கள் இந்த வரிசையில் பாருங்கள்:

1. மோட்டாரில் அச்சிட்டிருக்கும் வாட் என்ன? 250-க்கு மேல் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள், மற்ற கேள்விகள் தேவையில்லை.
2. த்ராட்டில் இருக்கிறதா? கழற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள், கன்ட்ரோலரிலும் அது முடக்கப்பட வேண்டும்.
3. 250 வாட், மிதித்தால் மட்டும் ஓடுவது, பெரிய நிறுவன மோட்டார் என்றால் உற்பத்தியாளருக்குச் சட்டக எண்ணோடு எழுதி, ஐரோப்பிய மென்பொருளும் இணக்க அறிவிப்பும் கிடைக்குமா என்று கேளுங்கள்.
4. கிடைக்கும் என்றால் பேட்டரியை எப்படி அனுப்புவது என்று கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் வாங்குங்கள். சார்ஜர் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்குமா என்பதை அதன் அடியில் பாருங்கள். ஜெர்மனியில் விளக்குகளுக்குத் தனி ஒப்புதல் முத்திரை உண்டு, அமெரிக்க விளக்கை மாற்ற வேண்டியிருக்கும்.
5. இந்தச் செலவையெல்லாம் கூட்டி, அதே பணத்துக்கு அங்கே ஒரு பழைய பெடலெக் கிடைக்குமா என்று ஒப்பிடுங்கள். பெரும்பாலும் கிடைக்கும். வண்டியை அமெரிக்காவிலேயே, சட்டப்படி ஓட்டக்கூடிய ஒருவருக்கு விற்றுவிடுவதுதான் என் கணிப்பில் பத்தில் ஒன்பது பேருக்குச் சரியான வழி.

ஏற்கெனவே கொண்டுவந்து நிறுத்திவிட்டவர்கள் பொதுச் சாலையில் ஓட்டாதீர்கள், கடைக்குப் போய்வரும் தூரம்கூட வேண்டாம். டியூஃப் அல்லது டெக்ரா போன்ற சோதனை அமைப்பிடம் தனி வண்டி ஒப்புதல் பற்றிப் பணம் கட்டுவதற்கு முன்னால் வாயளவில் ஒரு கருத்துக் கேளுங்கள். பிரேக், விளக்கு, கண்ணாடி, மின்காந்தச் சோதனை என்று போனால் வண்டி விலையைத் தாண்டிவிடக்கூடும், அதை அவர்களே நேராகச் சொல்லிவிடுவார்கள். சில வண்டிகளில் மோட்டாரையும் கன்ட்ரோலரையும் முழுதாகக் கழற்றிவிட்டுச் சாதாரணச் சைக்கிளாக ஓட்டலாம், கனமாக இருக்கும் அவ்வளவுதான். விற்பதென்றால் சுங்கச் சலுகைக் காலம் முடிந்ததா என்று பார்த்துவிட்டு, இந்த வண்டியைச் சாலையில் ஓட்ட ஒப்புதல் இல்லை என்பதை விற்பனைத் தாளிலேயே எழுதிக் கொடுங்கள். வாங்குகிறவர் பதினாறு வயதுப் பையனாகவோ அவனுக்கு வாங்கித்தரும் பெற்றோராகவோ இருக்கலாம், அவர்கள் இந்தக் கணக்கெல்லாம் தெரியாமல் தெருவில் இறங்கிவிடக் கூடாது.